இரண்டில் ஒன்று

ஜனவரியில் வின்னமக்காவில்
காற்றுக்கு வேறு வேலையில்லை.
கராஜ் கதவின் அடியில் புகுந்து
என் கணுக்காலை விசாரித்துவிட்டுப் போகிறது.
மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு.
நடுவில், கவிழ்த்த பால் கிரேட் மேல்
சக்கரம் தொங்க நிற்கிறது வண்டி:
பாதி தார்ச்சாலைக்கு, பாதி காட்டுக்கு,
இரண்டுக்கும் முழுசாய் ஒத்துவராத
அறுநூற்றைம்பது சிசி.

கிணறு அளப்பது என் பிழைப்பு.
லாரி போகாத தடங்களில், சேஜ் புதர் நடுவே
நாற்பத்தியொரு குழாய்க் கிணறுகள்.
எஃகு நாடாவில் சாக்பீஸ் தேய்த்து இறக்குவேன்.
எதுவரை நனைந்தது என்று படிப்பேன்.
போன அக்டோபரைவிட ஒரு விரற்கடை கீழே
என்று எழுதி அனுப்புவேன்.
யாரும் பதறியதில்லை.
விரற்கடைதானே.

கிளட்ச் கேபிளின் நுனியில் ஓர் இழை பிரிந்து
முள்ளாய்க் குத்தியது. மாற்றினேன்.
பைலட் ஜெட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
இருட்டு.
கிட்டாரின் மிக மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்ததும்
ஊசிமுனை அளவுக்கு மறுபக்கம் தெரிந்தது.
சங்கிலிப் பூட்டின் கிளிப்பை
மீன் நீந்துகிற திசையில் போட வேண்டும்,
தலை முன்னே, வால் பின்னே.
போன வருஷம் என் மீன்
பின்னோக்கி நீந்தியிருக்கிறது.

இனி கிளட்ச் கூடைக்குப் பின்னால்.
நியூட்ரல் விளக்குக்கென்று அங்கே ஒரு சுவிட்ச்,
அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு திருகாணிகள்.
கழன்று பற்சக்கரத்துக்குள் விழுந்தால்
அப்புறம் அந்த எஞ்சினை
இறந்தகாலத்தில்தான் பேச வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்றுதான் இருந்தது.

எண்ணெயைக் கேக் தட்டில் வடித்தேன்.
தேநீர் வடிகட்டியில் ஊற்றினேன்
(இனி அதில் தேநீர் இல்லை).
காந்தக் குச்சியைப் பாதாளக்கரண்டிபோல்
உள்ளே விட்டுத் துழாவினேன்.
மாவாய்க் கொஞ்சம் இரும்புத்தூள் வந்தது.
இரவு பதினொன்று.
முட்டை அட்டையின் பன்னிரண்டு குழிகளிலும்
கழற்றியவை,
ஒவ்வொன்றையும் மூன்று முறை எண்ணியாயிற்று.

விடிந்ததும் ஆர்டன் ஓஸ்ட்லரைக் கூப்பிட்டேன்,
வண்டியை எனக்கு விற்றவர்.
பேட்டில் மவுண்டனில், சுரங்க லாரி ஓட்டித் தேய்ந்த
முழங்கால்களோடு உட்கார்ந்திருக்கிறார்.
“அதுவா,” என்றார்.
பின்னால் டிவியில் ஏதோ மாட்டு ஏலம்.
“கழற்றி ஏழு வருஷம் இருக்கும், மைட்டே.
பசை தடவிப் போடலாமென்று
பசை வாங்கப் போனேன். கடை மூடியிருந்தது.
அந்த வாரம்தான் டீனா போனாள்.”
ஏலக்காரன் ஒரு மாட்டை விற்று முடித்தான்.
“ஆஷ்ட்ரேயில் கிடக்கும். பார்க்கட்டுமா?”

பார்த்தார்.
கிடந்தது.

ஏழு வருஷத்தில் மூன்று என்னுடையவை.
பதினோராயிரம் மைல்
ஒற்றைத் திருகாணியில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன்,
பாலத்தின் பலகை போனது தெரியாமல்
பேசிக்கொண்டே கடந்தவளைப் போல.
திட்டத்தான் வாயெடுத்தேன்.
“முழங்கால் எப்படி இருக்கிறது?” என்று வந்தது.

திங்கட்கிழமை உறை வந்தது.
தபால்தலையின் விலைக்கு
அதைப்போல் நாலு வாங்கலாம்.
மின்கட்டண ரசீதின் மூலையில் மடித்து,
கொட்டை எழுத்தில்: பசை மறக்காதே.

புதிதாய் இரண்டு வாங்கி வைத்திருந்தேன்.
ஆனாலும் அதைத்தான் போட்டேன்,
நீலப் பசை ஒரு சொட்டு விட்டு.
ஏனென்று கேட்டால் தெரியாது.
சிகரெட் சாம்பலைத் துடைத்ததும்
மரை முரண்டாமல் ஏறியது, அவ்வளவுதான்.

மூடியை மாட்டி, எண்ணெய் ஊற்றி,
பட்டனை அழுத்தினேன்.
பச்சை விளக்கு.
எஞ்சின் இருமி, யோசித்து, பிடித்துக்கொண்டது.
காற்றுகூட ஒரு நொடி கதவுக்கு வெளியே நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால்
முட்டை அட்டையின் ஒன்பதாவது குழியில்
ஒரு செம்பு வாஷர்.

ஃபோனில் ஆர்டனின் எண்
இன்னும் முதலாவதாகத்தான் இருக்கிறது.